ஆட்டுக்குட்டி கிளினிக்குக்கு வந்த கதையின் முதல் பாதி

என் குரல் போனில் முதல்முதலாகப் போனது அறுபத்தெட்டாவது வயதில். அதுவும் கணவரை இழந்து இத்தாவில் இருக்கும்போது. அதற்கு முன்பும் என்னிடம் நாலைந்து வருஷமாகப் போன் இருந்தது. அதில் மற்றவர்களின் குரல் வரும், என் குரல் போகாது.

கல்முனையில் கடற்கரைப் பக்கம் எங்கள் வீடு. சீனியும் பிரஷரும் வந்த நாள் முதல், மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்வருகிறேன். விடிந்தவுடன் போய் நம்பர் எடுத்தால்தான் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் வீடு திரும்பலாம். நம்பர் எடுத்த பிறகு டாக்டர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே சுவரோரமாக ஒரு மர வாங்கு கிடக்கிறது. நாலு பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாம். மற்ற மூன்று பேரும் எனக்குக் கிடைத்தது அந்த வாங்கில்தான்.

ஒருத்தி மருதமுனைக்காரி. இளமையில் கைத்தறி நெய்தவள். "இப்ப தறி இல்ல, வாய் மட்டும்தான் ஓடுது" என்று அவளே சொல்லிக்கொள்வாள். வீட்டில் ஆடு வளர்க்கிறாள். அவள் வாயைத் திறந்தால் மருந்து கொடுக்கிற பிள்ளைகளும் காதைத் திருப்புவார்கள்.

அடுத்தவர் நிந்தவூர் ராத்தா. எங்களுக்கெல்லாம் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் ராத்தா, அக்கா. முப்பது வயதாகுமுன்பே கணவரை இழந்து, நாலு பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர். தஸ்பீஹ் மணி எந்நேரமும் விரலுக்கிடையில் ஓடும். ஓதிக்கொண்டே மருதமுனைக்காரியின் கதையில் பிழை பிடிக்கவும் அவரால் முடியும்.

மூன்றாவது காரைதீவுக்காரி. நாங்கள் மூவரும் முஸ்லிம், இவள் தமிழ்ப் பிள்ளை, ஓய்வுபெற்ற ஆசிரியரின் மனைவி. எங்களில் இளையவள், அறுபதுதான். இரத்தம் குத்திப் பார்க்கும்வரை ஒருவரும் சாப்பிடக் கூடாதல்லவா? அது முடிந்த பிறகு தின்பதற்கென்று பெட்டியில் அவித்த கடலையோ குரக்கன் பிட்டோ கொண்டுவருவாள். பெட்டியின் மூடியைத் திறப்பதற்குள் மருதமுனைக்காரியின் கை உள்ளே போயிருக்கும்.

நான் அந்த வாங்கில் என்ன செய்தேன் என்று கேட்டால், சிரித்தேன். அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் சிரிப்பு வரும். முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பேன். மருதமுனைக்காரி கதையைச் சொல்லிவிட்டு மற்ற இருவரையும் பார்க்க மாட்டாள், என் தோளைத்தான் பார்ப்பாள். "ஒன்ட தோள் ஆடினாத்தான்கா எனக்குக் கத நல்ல கத" என்பாள்.

கொரோனா வந்து கிளினிக்கை நிறுத்தினார்கள். மருந்து தபாலில் வீட்டுக்கு வந்தது. மருந்து வந்தது, வாங்கு வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காரைதீவுக்காரி தன் மகளைக் கொண்டு எங்கள் நாலு பேரையும் போனில் ஒரு குறூப்பாகச் சேர்த்தாள். அதற்குக் 'கிளினிக் வாங்கு' என்று பெயர். என் மகள் பார்த்துவிட்டு, "இதென்னம்மா பேர்" என்று சிரித்தாள். எனக்கு அதைவிட நல்ல பெயர் தோன்றவில்லை. கிளினிக் மறுபடி திறந்த பிறகும் அந்தக் குறூப் அப்படியே இருந்தது.

காலைத் தேத்தண்ணீர் குடித்த பிறகு மருதமுனைக்காரி பேசி அனுப்பும் வொய்ஸ் வரும். ஆடு, மருமகன், பக்கத்து வீட்டுக் கோழி, மண்டையைப் போட்ட தன் புருஷனின் குறட்டை, ஏதாவது ஒன்று. ராத்தா பிழை திருத்துவார். காரைதீவுக்காரி அன்றைக்கு என்ன சமைக்கிறாள் என்று சொல்வாள். நான், கண்ணீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் முகத்தை அனுப்புவேன். நல்ல கதை என்றால் மூன்று முகம். மிக நல்ல கதை என்றால் ஒரு வரிசை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துத் தெரியும். ஆனாலும் அந்தச் சின்னச் சின்ன எழுத்தை விரலால் தேடி அமத்தி ஒரு வரி எழுதுவதற்குள் உலை கொதித்துப் பொங்கிவிடும்.

"நீயும் ஒரு வொய்ஸ் போடன்கா" என்று எத்தனையோ தரம் கேட்டார்கள். அந்த மைக் அடையாளத்தைக் கண்டாலே என் விரல் பின்வாங்கிவிடும். என் குரல் மூன்று ஊரில் மூன்று வீட்டுக்குப் போய், அங்கே பக்கத்தில் யார் யார் இருந்து கேட்பார்களோ என்று ஒரு பயம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்களின் குரலை என் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர்களுக்குத் தெரியாது.

என் கணவருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். ஒரு நாள் வரம்பில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பாரிசவாதம். வலது பக்கம் விளங்காமல் போனது, பேச்சும் போனது. ஒன்றரை வருஷம் கட்டில்தான். காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது ஒரு நாள் மருதமுனைக்காரியின் வொய்ஸ் வந்தது. கை நிறையக் கஞ்சி. போனைக் கட்டிலில் வைத்து விரல் முட்டியால் தட்டிவிட்டேன். சத்தமாகப் பேசத் தொடங்கிவிட்டது. தன் புருஷன் விட்ட குறட்டையில் கூரை ஓட்டிலிருந்த பல்லி கீழே விழுந்த கதை. நான் பதறிப்போய் நிறுத்தப் பார்க்கிறேன், அவர் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் சிரிக்கிறார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறது, மற்றப் பக்கம் சும்மா இருக்கிறது. விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கஞ்சிக்கு முன்னால் இரண்டு விரலை உயர்த்திப் போனைக் காட்டுவார். நானும் போட்டுவிடுவேன். பெண்கள் பெண்களுக்கென்று பேசியதை ஓர் ஆணுக்குக் கேட்க வைப்பது சரியில்லை என்று தெரியும். அந்த ஒரு பக்கச் சிரிப்புக்காகச் செய்தேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அவர் மௌத்தானார். நான் இத்தா இருந்தேன். கணவரை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், அலங்காரம் எதுவும் இல்லாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது எங்கள் கடமை. வெள்ளை உடுத்துக்கொண்டு, அவர் கிடந்த அறையிலேயே இருந்தேன். கட்டிலை எடுத்துவிடலாமா என்று மருமகன் மகளிடம் கேட்டனுப்பினார். கிடக்கட்டும் என்றேன். கிளினிக்குக்கு மகள் என் கொப்பியை, பிரஷரும் மருந்தும் எழுதும் நோட்டை, கொண்டுபோய் மருந்து எடுத்துவந்தாள்.

மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் என்னைப் பார்க்க வந்தார்கள். பாயில் வரிசையாக, வாங்கில் இருப்பதுபோலவே இருந்தார்கள். ராத்தா துஆ ஓதினார். காரைதீவுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதமுனைக்காரி தலையைக் குனிந்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவோ பேர் வந்து அழுதபோது எனக்கு உறைக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப் பார்த்தபோதுதான் அவர் போய்விட்டார் என்பது உறைத்தது.

அதன் பிறகு குறூப் மாறிப்போனது. காலையில் வொய்ஸ் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு ராத்தா ஜும்ஆ துஆ அனுப்புவார். காரைதீவுக்காரி, "மனதைத் தளர விடாதீங்க அக்கா" என்று பூப்படத்தோடு எழுதுவாள். மருதமுனைக்காரி கை ஏந்துகிற படம் ஒன்று போடுவாள். நானும் ஒரு கை ஏந்துகிற படம் போடுவேன். அவ்வளவுதான்.

முதல் மாதம் அது சரியென்றுதான் பட்டது. இரண்டாவது மாதம், காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மகள் கேட்பாள், "என்னம்மா, ஆரும் கோல் எடுக்கிறண்டு சொன்னாங்களா?" இல்லை என்பேன். ஓதுவேன், தொழுவேன், கொஞ்சம் அழுவேன். பிறகும் நாள் முடியாது. ஆஸ்பத்திரி வாங்கு போனால் போகட்டும், நாலு மாதத்தில் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் கையில் இருக்கிற வாங்கில் ஏன் ஒருத்தரும் இல்லை?

அது தெரிய வந்த விதம் இது. ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும். 'கிளினிக் வாங்கு' குறூப்பில் மருதமுனைக்காரியின் வொய்ஸ் வந்து விழுந்தது. நீளமான வொய்ஸ். கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன்.

"ஆ, மிச்சத்தக் கேளுங்ககா தங்கச்சி, நீங்க கிளினிக்குக்கு வராத அண்டைக்கி நடந்தத. அப்ப டாக்குத்தர் புள்ள வந்து பாக்குது, அவட கதிரையில ஆட்டுக்குட்டி ஏறி நிக்கிது! வாயில எங்கட ராத்தாட கிளினிக் கொப்பி. மட்டையெல்லாம் திண்டு முடிச்சி, இப்ப உள்ளுக்க பிரஷர் எழுதின தாள்ல நிக்கிது. நான் பயந்து போனன், ஏசப்போகுது எண்டு. அந்தப் புள்ள கண்ணாடியக் கழட்டித் தொடச்சிப் போட்டுத்து, 'அம்மா, இவருக்குக் கொப்பி இரிக்கா? இல்லாட்டி நம்பர் தரேலா' எண்டு கேக்குது! அல்லாவே, அந்த வாங்கு முழுக்கச் சிரிச்சிது. எங்கட ஆள் மட்டும் இரிந்திரிந்தா, தோள் எப்பிடி ஆடியிரிக்கும்! பாவம்..."

கேட்டு முடித்து மறுபடியும் போட விரலைக் கொண்டுபோகிறேன், வொய்ஸ் மறைந்துவிட்டது. இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரிதான் இருந்தது.

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு இருந்தேன். 'மிச்சத்தக் கேளுங்க' என்றால் முதல் பாதி எங்கோ சொல்லப்பட்டிருக்கிறது. எங்கே? எனக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அவர்கள் மூன்று பேரும் வேறொரு குறூப்பை வைத்திருக்கிறார்கள். காலைக் கதையெல்லாம் அங்கே நடக்கிறது. இங்கே எனக்கு மட்டும் துஆவும் பூப்படமும். 'எங்கட ஆள் மட்டும் இரிந்திரிந்தா, பாவம்' என்று சொன்னாளே, மௌத்தானவர்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கேட்டாள். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்னம்மா? மௌத்து ஊட்டுக்குப் பகிடிக் கத அனுப்ப ஏலுமா? அவங்க மரியாதைக்குச் செஞ்சிரிப்பாங்க."

"மரியாதைதான்..."

"இத்தாவில இரிக்கிற ஆள் சிரிச்சா ஆக்கள் என்னம்மா நினைக்கும்?"

"ஆக்கள் எங்க மகள் இரிக்காங்க? நானும் இந்தக் கட்டிலும்தான் இரிக்கம்."

அவள் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். பெரிய வார்த்தை பேசிவிட்டேனோ என்று எனக்கும் வருத்தமாகப் போய்விட்டது.

ஆனால் உண்மையைச் சொன்னால், வருத்தத்தோடு வருத்தமாக இன்னொன்றும் என்னைப் பிடித்துத் தின்றது. அந்த ஆட்டுக்குட்டி எப்படிக் கிளினிக்குக்கு வந்தது? மருதமுனையிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம் இல்லை. கயிறு கட்டி இழுத்துவந்தாளா? வாசலில் காவலாளி நிற்பாரே, அவர் விட்டாரா? ஓதும்போது அதுதான் நினைவில் வருகிறது. அஸ்தஃபிருல்லாஹ் என்று மறுபடி தொடங்குவேன். தொழுகையில் சலாம் கொடுத்தவுடன் ஆட்டுக்குட்டி வந்து நிற்கிறது. அவர் இருந்திருந்தால் இரண்டு விரலை உயர்த்தி முதல் பாதியைப் போடச் சொல்லியிருப்பார்.

இரண்டு நாள் அப்படியே போனது. வியாழக்கிழமை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு ஒரு முடிவோடு போனை எடுத்தேன். கேட்டுவிட வேண்டும். எழுதப் போனால் 'ஆ' கிடைத்தது, 'ட்' கிடைக்கவில்லை. கண்ணாடியும் எங்கோ. அதனால் மைக்கில் விரலை வைத்தேன். பிஸ்மில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னேன். வாயைத் திறந்தேன்.

வரவில்லை. மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. வெளியே காகம் கத்துகிறது. என் மூச்சுத்தான் எனக்குக் கேட்கிறது. எவ்வளவு நேரம் அமத்திக்கொண்டிருந்தேனோ தெரியாது. விரல் வலித்து எடுத்தேன். எடுத்ததும் அது போய்விட்டது.

நாற்பது வினாடி. என் முதல் வொய்ஸ், ஒரு சொல்லும் இல்லாமல். அழிக்க எனக்குத் தெரியாது. மகளைக் கூப்பிட வெட்கம். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே மூன்று பேரும் கேட்டுவிட்டதற்கு அடையாளமாகச் சரி அடையாளங்கள் நீலமாகிவிட்டன.

முதலில் காரைதீவுக்காரியின் குரல் வந்தது, நடுங்கிக்கொண்டு. "அக்கா... அழுறீங்களா அக்கா? மூச்சு வாங்கிற சத்தம் கேக்குது. மகள் பக்கத்தில இரிக்காவா? அழாதீங்க அக்கா, நாங்க எல்லாரும் இரிக்கம்."

பிறகு ராத்தா. "யா அல்லாஹ், என்ட தங்கச்சிக்குப் பொறுமையக் குடு. அழுறது பிழை இல்ல மனே, அழு. ஆனா ஒடம்பப் பாத்துக்க. நாங்க ஒன்ன ஒரு விசயத்துக்கும் கரச்சல் படுத்த மாட்டம்."

மருதமுனைக்காரியிடமிருந்து ஒன்றும் இல்லை. கை ஏந்துகிற படம்கூட இல்லை.

'ஒரு விசயத்துக்கும் கரச்சல் படுத்த மாட்டம்.' எதற்கும் தொந்தரவு தர மாட்டார்களாம். ஏற்கெனவே என்னைப் பீங்கான் கோப்பைபோல் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். இனி அலமாரிக் கதவையும் சாத்தப் போகிறார்கள். இத்தா முடிந்து போனாலும் அந்த வாங்கில் எனக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள். நான் இப்போது பேசாவிட்டால் என்னை அழுகிறவளாகவே வைத்துக்கொள்வார்கள். வெட்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக இந்தப் பயம் வந்து அதைத் தள்ளிவிட்டது.

விரலை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் அழல்ல" என்றேன். என் காதுக்கே அது யாரோ போல் கேட்டது. "மெய்யா அழல்ல. அந்த... அந்த ஆட்டுக்குட்டி எப்பிடிகா கிளினிக்குக்கு வந்த? மொதல் பாதி எனக்குத் தெரியாகா. ரெண்டு நாளாத் தொழ ஏலாமக் கிடக்கு."

விட்டேன். போய்விட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முக்காட்டை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒரு நிமிஷம்தான் இருக்கும். பிறகு போன் அதிர்ந்தது. எடுத்துக் கேட்டால், மருதமுனைக்காரி. அழுகிறாள். விக்கி விக்கி அழுகிறாள். அவள் அழுது நான் கேட்டதே இல்லை. அதற்கிடையில் பேசுகிறாள்.

"பாவி மகள்! அஞ்சி வரிசமா ஒரு வொய்ஸ் போடு போடு எண்டு கெஞ்சினன், போடாம இரிந்து இரிந்து, வாயத் தொறந்தா ஆட்டையா கேக்கிற? மொதல்ல மனிசர விசாரிக்கிறல்லியா? எப்பிடிகா இரிக்காய் எண்டு ஒரு சொல்லு கேக்கிறல்லியா?"

அதற்குப் பின்னால் சிரிக்கிறாள். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே மூக்கைச் சிந்துகிற சத்தமும் கேட்டது. அதைக் கேட்டதும் என் தோள் ஆடத் தொடங்கிவிட்டது.

அடுத்த வொய்ஸில் முதல் பாதி வந்தது. தாய் ஆடு செத்துப் போனதால் அந்தக் குட்டிக்குப் போத்தலில் பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். அது அவளைத் தாய் என்றே நினைத்து, கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் காவல் நிற்குமாம். கிளினிக் நாள் விடியற்காலையில் ஓட்டோ வந்ததும் இவள் அவசரமாக ஏறியிருக்கிறாள். சீற்றுக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் அது முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொண்டது யாருக்கும் தெரியாது.

"ஆஸ்பத்திரி கேற்றடியில எறங்கிறன், பின்னுக்கு மே எண்டு ஒரு சத்தம். ஓட்டோக்கார மனிசன் என்னப் பாக்கிறார், நான் அவரப் பாக்கிறன். 'நீங்களா மே எண்ட?' எண்டு கேக்கிறார்! திருப்பி அனுப்புவம் எண்டா அது எறங்கி என்ட சீலயப் பிடிச்சிட்டு. காவல்காரர் மற்றப் பக்கம் திரும்பின நேரம் பைக்குள்ள போட்டுட்டன். கொப்பிக்குப் பக்கத்தில. வாங்கில இரிந்தா, பை ஆடுது. ராத்தா கேக்கிறா, 'பையில என்ன?' நான் சொன்னன், 'காரைதீவுத் தங்கச்சிக்கிக் கொண்டந்த பூசணிக்கா.' பூசணிக்கா மே எண்டிட்டு!"

இந்த இடத்தில் என்னால் முடியவில்லை. முக்காட்டை வாயில் அடைக்கவும் மறந்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தேன். வயிறு வலித்தது, கண்ணால் தண்ணீர் கொட்டியது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்தாள்.

"உம்மா! என்னம்மா, அழாதீங்கம்மா!"

கையை ஆட்டி இல்லை இல்லை என்றேன். பேச வரவில்லை. போனைத் தூக்கி அவளிடம் நீட்டினேன். நின்றபடி கேட்டாள். பூசணிக்காய் வந்ததும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாப்பா போன பிறகு அந்தக் கட்டிலில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அவள்தான் கொஞ்சம் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் போடுங்கம்மா" என்றாள்.

பொழுதுபடும் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்பு ராத்தா என்னைத் தனியாகப் போனில் அழைத்துப் பேசினார். புதுக் குறூப்பைத் தொடங்கச் சொன்னது தான்தான் என்றார்.

"எனக்கு இத்தா இரிக்கக்குள்ள இருவத்தொம்பது வயசு மனே. மச்சிமார் குசினிக்க இரிந்து சிரிச்சது இன்னம் காதுல இரிக்கி. எனக்கு நெஞ்சு வெடிச்சிது. ஒனக்கு அப்பிடி ஆகப்படா எண்டு நெனச்சன்."

"ராத்தா, ஒங்கள விட்டுப்போட்டுச் சிரிச்சாங்க. அதான் நொந்திரிக்கி."

தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மெய்தான்" என்றார். "நாப்பத்தஞ்சி வரிசமா எனக்கு இது வெளங்கல்ல. குசினிக்கு என்னையும் கூப்பிட்டிரிந்தா நானும் போயிரிப்பன்." அதன் பிறகு, "பொம்புளைகளுக்குள்ள நாலு சொல்லுக் கதச்சிச் சிரிச்சா இத்தாவுக்கு ஒரு பிழையும் இல்ல. போடு வொய்ஸ்" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதல். மகளுக்கும் போய்ச் சொன்னேன்.

புதுக் குறூப்பைக் கலைத்துவிட்டதாகக் காரைதீவுக்காரி அறிவித்தாள். மூன்று மாதம் நான் கேட்காமல் விட்ட கதைகளையெல்லாம் நாளுக்கு ஒன்றாகப் பழைய குறூப்புக்கு மாற்றி அனுப்பினாள். இத்தாவின் மிச்ச நாட்கள் அதிலேயே கழிந்தன. நாள் முடியவில்லை என்று பிறகு நான் நினைத்ததில்லை.

ஆனால் ஒரு விஷயம் என் நெஞ்சில் முள்ளாக நின்றது. என்னை மறைத்து அவர்கள் ஒரு குறூப் வைத்ததற்கு அவ்வளவு நொந்தேனே, நான் மறைத்தது என்ன? ஒன்றரை வருஷம் அவர்களின் குரலை ஓர் ஆணுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு காலையில் துணிந்து அதையும் சொன்னேன். எனக்கு அது நாலாவது வொய்ஸோ ஐந்தாவதோ.

"ஒங்கள்ட ஒரு மாப்புக் கேக்க வேணும். அவர் கிடக்கக்குள்ள ஒங்கட வொய்ஸெல்லாம் அவரும் கேட்டவர். நான்தான் போட்டன். அவருக்கு அதில ஒரு சிரிப்பு வந்த. வேற ஒண்டுலயும் வரல்ல. மன்னிச்சிக்கங்க."

மூன்று பேரும் கேட்டுவிட்டார்கள் என்று அடையாளம் காட்டியது. மருதமுனைக்காரிதான் முதலில் வந்தாள்.

"அல்லாவே! என்ட மனிசன்ட கொறட்டக் கதையுமா?"

"அதுதான் மொதல்ல கேட்ட."

"கெழவன் பல்லுக் கழட்டி வெச்சிட்டுத் தேடின கதையும்?"

"அத ரெண்டு தரம் போடச் சொன்னவர்."

"நான் எல்லா ஆம்புளையையும் சேத்து ஏசினன், அதையும்?"

"அதுக்குத்தான் கூடச் சிரிச்ச."

சற்று நேரம் கழித்து அவளிடமிருந்து குறுகிய வொய்ஸ் ஒன்று வந்தது. பகிடி இல்லாத குரல். "எப்பிடிச் சிரிப்பார்?"

ஒரு பக்கத்தால் என்று சொன்னேன். வாயின் இடது பக்கம் மட்டும் மேலே போகும், கண் இரண்டும் சேர்ந்து சிரிக்கும் என்று சொன்னேன். நான் அவரைப் பற்றி அவ்வளவு நீளமாக எவரிடமும் பேசியதில்லை. காரைதீவுக்காரி தன் கணவரான மாஸ்டரும் சில வேளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதுண்டு என்று மெல்ல ஒப்புக்கொண்டாள். ராத்தா, "நல்ல வாங்கு" என்று மட்டும் சொன்னார்.

இத்தா முடிந்த அடுத்த வாரமே கிளினிக் நாள் வந்தது. போனேன். மூன்று பேரும் என் இடத்தை விட்டுவிட்டு இருந்தார்கள். ராத்தா புதுக் கொப்பியைக் காட்டினார், பிளாஸ்டிக் உறை போட்டு. மருதமுனைக்காரியின் பையை முதலில் நான்தான் தடவிப் பார்த்தேன். ஆடு இல்லை. கடலைப் பெட்டி திறந்தது.

இப்போதும் காலையில் வொய்ஸ் வருகிறது. நானும் பேசுகிறேன், நீளமாக இல்லை, இரண்டு மூன்று வரி. மருதமுனைக்காரி மட்டும் கதை தொடங்குமுன் ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறாள். "ஆம்புளைகள் ஆரும் இரிந்தா எழும்பிப் போங்க" என்று அதிகாரமாகச் சொல்வாள். சொல்லிவிட்டு, அவர்கள் எழும்பிப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். தேத்தண்ணீர்க் கோப்பையோடு நான், என் கணவர் கிடந்த கட்டிலைத் திரும்பிப் பார்ப்பேன். எழும்பிப் போக முடியாத ஆள் அவர். அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்துவிட்டு, "போகல்லியா? சரி, அப்ப கேளுங்க" என்று கதையைத் தொடங்குவாள்.